கேள்வி கேட்காத வினாச்சொல்: ஸ்பானியப் பேச்சில் 'கே'

ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கும் எவரும் முதல் பாடத்திலேயே 'கே' என்ற சொல்லைச் சந்திக்கிறார். பாடநூல் அதற்கு 'என்ன' என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. ஆனால் மாட்ரிட் நகரக் கடைத்தெருவிலோ மெக்சிகோ நகரப் பேருந்திலோ நடக்கும் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டால், அந்த ஒற்றைப் பொருள் போதாது என்பது விரைவில் தெரிந்துவிடும். அங்கே இந்தச் சொல்லைக் கொண்டு நலம் விசாரிக்கிறார்கள், வியக்கிறார்கள், மறுக்கிறார்கள், மன்னிப்புக் கேட்கிறார்கள், நன்றிக்கு மறுமொழி சொல்கிறார்கள். தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது இதன் பல வேலைகளில் ஒன்று மட்டுமே.

ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 50 கோடிப் பேர். ஐரோப்பா, அமெரிக்கக் கண்டங்கள், ஆப்பிரிக்கா எனப் பரந்து கிடக்கும் 20 நாடுகளில் அது ஆட்சிமொழியாகப் புழங்குகிறது. இத்தனை பெரிய பரப்பில் ஓரசைச் சொல் ஒன்று எப்படியெல்லாம் பொருள் மாறுகிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் நான் நிறுவ விரும்புபவை இரண்டு. முதலாவது: 'கே'யின் பொருளை அழுத்தம், உடன்வரும் சொல், பேசப்படும் ஊர், பேசுவோர் இருவருக்கும் இடையிலுள்ள உறவு ஆகிய நான்கும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இரண்டாவது: தமிழர் இச்சொல்லை ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போய்க் கற்பதைவிட, தமிழிலிருந்து நேராகவே நன்றாகக் கற்க முடியும்.

இந்தச் சொல்லுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. வினாவாகவும் வியப்பாகவும் வருவது அழுத்தத்தோடு ஒலிக்கும்; எழுதும்போது அதன் உயிரெழுத்தின் மேல் ஒரு சாய்கோடு இடுவார்கள். சொற்றொடர்களை இணைக்க வருவதற்கு அழுத்தமும் இல்லை, கோடும் இல்லை. முன்னதைக் 'கே' என்றும் பின்னதைக் 'கெ' என்றும் இங்கே எழுதுகிறேன்.

சொல்லின் வேர்

லத்தீனில் 'என்ன' என்பதற்கு 'க்விட்' என்று சொல்வார்கள். அதன் இறுதி மெய் தேய்ந்து மறைய, 'க்வி' என்ற தொடக்க ஒலி 'க'கரமாகச் சுருங்க, ஸ்பானியத்தில் 'கே' பிறந்தது. பிரெஞ்சு, இத்தாலியம், போர்ச்சுகீசியம், ருமேனியம் ஆகிய சகோதர மொழிகளிலும் இதே குடும்பச் சொற்கள் வினாவாக நிற்கின்றன. ஸ்பானியத்தின் மற்ற வினாச்சொற்களும் பெரும்பாலும் ஒரே கிளையின் காய்கள்தான்: யார் என்பதற்குக் 'கியென்', எப்போது என்பதற்குக் 'குவாந்தோ', எவ்வளவு என்பதற்குக் 'குவாந்தோ' போலவே ஒலித்து ஒரு மெய் மட்டும் மாறும் 'குவான்தோ', எப்படி என்பதற்குக் 'கோமோ', எது என்பதற்குக் 'குவால்'. தமிழில் எப்போது, எங்கே, எப்படி, எது, எவ்வளவு என்பவை ஒரே எகரத்தில் தொடங்குவதைப்போல, அங்கே ககரம் வினாவின் அடையாளமாக நிற்கிறது.

இந்தக் ககர வினா இந்தியாவுக்கும் பழக்கமானது. லத்தீனும் சமஸ்கிருதமும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், சமஸ்கிருதத்தின் 'கிம்', இந்தியின் 'க்யா' ஆகியவையும் அதே பழைய வேரிலிருந்து கிளைத்தவை. 'எனக்குக் கிஞ்சித்தும் கவலையில்லை' என்று நாம் பேசும்போது, 'கிம்' என்பதும் 'சித்' என்பதும் சேர்ந்த வடமொழிச் சொல்லையே வழங்குகிறோம். அவ்வகையில் 'கே'யின் தொலைதூர உறவு ஒன்று தமிழ்ப் பேச்சிலும் தங்கியிருக்கிறது.

ஒரு சாய்கோடு செய்யும் வேலை

அழுத்தமில்லாத 'கெ' ஸ்பானியத்தில் மிக அதிகமாகப் புழங்கும் சொற்களுள் ஒன்று. ஸ்பானிய அரச கல்விக்கழகம் தொகுத்த தற்கால மொழித் தரவகத்தின் நிகழ்வெண் பட்டியலில் அதற்கு மூன்றாம் இடம். 'வருவேன் என்று சொன்னான்' என்பதில் 'என்று' செய்வதையும், 'நேற்று வந்த பையன்' என்பதில் பெயரெச்ச விகுதி செய்வதையும் ஸ்பானியத்தில் 'கெ' செய்கிறது.

ஒரே எழுத்துகள், ஏறத்தாழ ஒரே ஒலி. ஆனால் அழுத்தம் மாறினால் பொருள் தலைகீழாகிவிடும். 'நோ தெங்கோ கெ கோமேர்' என்றால் 'நான் சாப்பிட வேண்டியதில்லை' என்று பொருள். 'நோ தெங்கோ கே கோமேர்' என்றால் 'சாப்பிட எனக்கு ஒன்றுமில்லை' என்று பொருள். முதலாவதைச் சொல்பவர் வயிறு நிறைந்தவராக இருக்கலாம். இரண்டாவதைச் சொல்பவர் பட்டினி கிடப்பவர். அதேபோல 'சே கெ கொம்ப்ராஸ்தே' என்றால் 'நீ வாங்கினாய் என்று எனக்குத் தெரியும்'. 'சே கே கொம்ப்ராஸ்தே' என்றால் 'நீ என்ன வாங்கினாய் என்று எனக்குத் தெரியும்'. ஓரசைச் சொற்களுக்குப் பொதுவாகக் கோடு இடுவதில்லை என்பது ஸ்பானிய எழுத்திலக்கணம். இங்கே விலக்கு அளித்திருப்பதன் காரணம் இத்தகைய இணைகளைப் பார்த்தாலே விளங்கும்.

கேள்வி எங்கே தொடங்குகிறது என்று காட்ட ஸ்பானியத்தார் வகுத்த மற்றொரு வழி, வாக்கியத்தின் தொடக்கத்தில் இடும் தலைகீழ் வினாக்குறி. 1713-இல் நிறுவப்பட்ட அரச கல்விக்கழகம், 1754-ஆம் ஆண்டு எழுத்திலக்கணப் பதிப்பில் அதை விதித்தது. ஆம், இல்லை என்று விடை வரும் கேள்விகளில் ஸ்பானியம் சொல்வரிசையை மாற்றியாக வேண்டும் என்பதில்லை; குரலின் ஏற்றமே கேள்வியைக் காட்டும். நீண்ட வாக்கியத்தை உரக்க வாசிப்பவர், முடிவுக்கு வந்தபின்தான் அது கேள்வி என்று உணர்ந்து தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்கவே இந்தக் குறி வந்தது.

என்ன, எது, ஏன், எதற்கு

ஆங்கிலவழி கற்பவர்கள் அடிக்கடி இடறும் இடம் 'கே'வும் 'குவால்'உம் பிரியும் இடம். ஒன்றின் இயல்பையோ வரையறையையோ கேட்டால் 'கே எஸ்'. பலவற்றுள் ஒன்றைச் சுட்டச் சொன்னால் 'குவால் எஸ்'. சிந்தனையாளர் ஒர்தேகா இ காசெத் 1929-இல் மாட்ரிடில் நிகழ்த்திய புகழ்பெற்ற சொற்பொழிவு வரிசைக்குத் 'தத்துவம் என்றால் என்ன' என்று பொருள்படும் தலைப்பு. பிரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகார ஆட்சி பல்கலைக்கழகத்தை மூடியபோது, அவர் அந்த உரைகளை நாடக அரங்கில் தொடர்ந்தார். அந்தத் தலைப்பில் 'கே எஸ்' என்றுதான் வர முடியும். அங்கே 'குவால்' என்று சொன்னால் பொருளே கெட்டுவிடும். மாறாக, 'பெருவின் தலைநகர் எது?' என்று கேட்க 'குவால்' வேண்டும்.

தமிழர்க்கு இது கடினமில்லை. 'என்றால் என்ன' என்று நாம் கேட்கும் இடத்தில் 'கே', 'எது' என்று கேட்கும் இடத்தில் 'குவால்' என்று கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். ஆயினும் முழுப் பொருத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. 'வித்தியாசம் என்ன?', 'உங்கள் தொலைபேசி எண் என்ன?' என்று நாம் கேட்குமிடங்களில் ஸ்பானியர் 'குவால்' என்றே கேட்பார்கள். 'உன் பெயர் என்ன?' என்பதற்கு இன்னும் வழக்கமான கேள்வி 'கோமோ தே யாமாஸ்'. உன்னை எப்படி அழைப்பார்கள் என்பது அதன் கருத்து.

காரணத்தைக் கேட்க 'போர் கே'. நோக்கத்தைக் கேட்க 'பாரா கே'. இந்த இரண்டுக்கும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே வினாச்சொல்தான் வரும். தமிழில் 'ஏன் அழுகிறாய்?' என்பதும் 'கத்தி எதற்கு?' என்பதும் வேறு வேறு கேள்விகள் என்று சிறு குழந்தைக்கும் தெரியும். 'போர் கே' இன்னும் மூன்று வடிவங்களை எடுக்கிறது. சேர்த்தெழுதிக் கோடு நீக்கினால் 'ஏனென்றால்'. சேர்த்தெழுதிக் கோடிட்டால் 'காரணம்' என்ற பெயர்ச்சொல். பிரித்தெழுதிக் கோடு நீக்கினால் 'எதனால்' என்பதற்கு ஒத்த இணைப்பு. ஸ்பானியப் பள்ளிப் பிள்ளைகளே இந்த நான்கிலும் தவறு செய்வதுண்டு. கேள்விச் சொல்லிலிருந்தே காரணச் சொல் பிறப்பது நமக்குப் புதிதில்லை. 'ஏன்' என்பதோடு 'என்றால்' சேர்ந்துதான் 'ஏனென்றால்' ஆனது.

வியப்பில் வரும் 'கே'

'கே போனீத்தோ' என்றால் 'என்ன அழகு!'. 'கே காசா' என்றால் 'என்ன வீடு!'. பெயர்ச்சொல்லையும் பண்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் இடையில் 'தான்' அல்லது 'மாஸ்' என்ற சொல் வரும்: 'கே காசா தான் போனீத்தா', 'என்ன அழகான வீடு!'. பண்புக்கு ஒரு சொல், பொருளுக்கு வேறொரு சொல் என்று ஆங்கிலம் பிரித்துக்கொள்ளும் இடத்தில், ஸ்பானியமும் தமிழும் வினாச்சொல்லையே இரண்டுக்கும் வைத்துக்கொள்கின்றன. சுவையான உணவுக்குக் 'கே ரீக்கோ'; வருந்தத்தக்க செய்திக்குக் 'கே லாஸ்திமா'; அக்கிரமம் என்று தோன்றுவதற்குக் 'கே பார்பாரிதாத்'. இவற்றுள் எதையும் எவரும் விடையை எதிர்பார்த்துச் சொல்வதில்லை.

வினாவும் வியப்பும் ஒரே மூச்சில் கலப்பதும் உண்டு. அப்போது வினாக்குறியில் தொடங்கி வியப்புக்குறியில் முடிக்கலாம் என்று கல்விக்கழகமே அனுமதிக்கிறது. பெத்ரோ அல்மோதோவார் 1984-இல் இயக்கிய ஒரு திரைப்படத்தின் தலைப்பு இதற்கு நல்ல சான்று. 'இதை அனுபவிக்க நான் என்ன செய்தேன்' என்ற பொருளுடைய அந்தத் தலைப்பு தலைகீழ் வினாக்குறியில் தொடங்கி இரண்டு வியப்புக்குறிகளோடு முடிகிறது. மாட்ரிட் புறநகரின் நெருக்கடியான அடுக்குமாடி வீட்டில் உழைத்துத் தேயும் ஓர் இல்லத்தரசியின் கதை அது. அவள் குரல் கேள்வியா, கதறலா என்று பிரிக்க முடியாததைத் தலைப்பின் குறிகளே சொல்லிவிடுகின்றன.

ஊர்தோறும் ஒரு நலம் விசாரிப்பு

'கே'யின் வளம் முழுவதையும் காண வேண்டுமானால், இருவர் சந்திக்கும் கணத்தைக் கவனிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் செல்லுபடியாவது 'கே தால்'. 'எப்படி இருக்கிறீர்கள்?' என்பதற்கு நிகரானது. பயணத்தையோ தேர்வையோ பற்றி 'எப்படி இருந்தது?' என்று கேட்கவும் இதுவே போதும். ஸ்பெயினில் நண்பர்கள் 'கே பாசா' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'என்ன நடக்கிறது?', வாழ்த்தாக வரும்போது 'என்னப்பா, எப்படி?' என்ற அளவுதான்.

மெக்சிகோவில் இளைஞர் வாயில் வருவது 'கே ஓந்தா'. 'ஓந்தா' என்றால் அலை. கொலம்பியாவில் 'கே மாஸ்' என்று தொடங்குவார்கள், 'வேறென்ன?' என்பது அதன் நேர்ப்பொருள். நம் பேச்சில் 'வேறென்ன?' என்பது உரையாடல் ஓயும்போது வரும். அவர்களுக்கு அதுவே தொடக்கம். 'என்ன இருந்தது?' என்று பொருள்படும் 'கே ஊபோ' தேய்ந்து 'கியூபோ' ஆகி, கொலம்பியாவிலும் மெக்சிகோவிலும் ஒரே சொல்லாகவே நிலைத்துவிட்டது. தொமினிக்கன் குடியரசில் 'கே லோ கே' என்பது இளைஞரின் அடையாளம் போன்றது. கைபேசியில் மூன்றே எழுத்துகளில் அதைச் சுருக்கி அனுப்புவார்கள்.

கியூபாவின் தெருவழக்கு 'கே போலா'. 2016 மார்ச் 20 அன்று ஹவானாவில் வந்திறங்கிய அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா, ட்விட்டரில் கியூப மக்களை இந்தச் சொற்களால்தான் விசாரித்தார். 1928-இல் கால்வின் கூலிட்ஜ் சென்றதற்குப் பிறகு, பதவியிலிருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் அந்தத் தீவுக்குச் செல்வது அதுவே முதல்முறை. அரசுமுறைப் பயணத்தில் பாடநூல் ஸ்பானியத்தை விட்டு அந்த ஊரின் சொல்லை எடுத்தது தற்செயலாக இருக்க முடியாது. பல்லாண்டுப் பகையின் முன்னால், அண்டை வீட்டாரைப்போல் பேச விரும்புவதை அந்த இரண்டு சொற்கள் உணர்த்தின.

கரீபியத் தீவுகளில் இலக்கணமும் சற்று மாறுகிறது. 'உனக்கு என்ன வேண்டும்?' என்பதற்குப் பிற நாடுகளில் 'கே கியெரெஸ்' என்பார்கள். 'நீ' என்ற சொல் வந்தாலும் வினைக்குப் பின்னால்தான் வரும். கியூபா, புவேர்த்தோ ரிக்கோ, தொமினிக்கன் குடியரசு ஆகிய இடங்களில் 'கே தூ கியெரெஸ்' என்று 'நீ' வினைக்கு முன்னால் நிற்கும். இதைப் பிழை என்று சொல்வது தவறு. அந்த மண்ணின் ஒழுங்கு அது.

பணிவும் மறுப்பும்

ஒரே தொடர் ஊருக்கு ஊர் பொருள் மாறுவதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு 'கே பேனா'. ஸ்பெயினில் அது 'எவ்வளவு வருத்தம்!'. கொலம்பியாவில் 'பேனா' என்றால் கூச்சம், சங்கடம். ஆகவே 'கே பேனா' என்பது 'மன்னிக்க வேண்டும்' என்ற பணிவுச் சொல். தாமதமாக வந்தவரும், பேச்சின் இடையில் குறுக்கிட வேண்டியவரும் அதைச் சொல்வார்கள். ஸ்பெயினிலிருந்து போகிறவர் இதைக் கேட்டு, எதிரில் நிற்பவருக்கு என்ன துயரமோ என்று நினைக்கக்கூடும்.

சொன்னது காதில் விழாவிட்டால் வெறுமனே 'கே?' என்று கேட்பது பல குடும்பங்களில் மரியாதைக் குறைவு. ஸ்பெயினில் அதற்குக் 'கோமோ?' என்பது மென்மையானது. மெக்சிகோவில் 'மாந்தே?' என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். 'உத்தரவிடுங்கள்' என்பது அதன் நேர்ப்பொருள். பெரியவர் கூப்பிட்டால் 'என்ன?' என்று கேட்காமல் 'சொல்லுங்க' என்று சொல்லப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நன்றி சொன்னவருக்கு 'நோ ஆய் தே கே' என்பார்கள்; நன்றி சொல்லும்படி இதில் ஒன்றுமில்லை என்பது கருத்து. 'கே வா' என்றால் 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்ற அழுத்தமான மறுப்பு. 'இ கே?' என்றால் 'அதனால் என்ன?'. மெக்சிகோவில் 'கே க்ரேயெஸ்?' என்று ஒருவர் தொடங்கினால் நம் கருத்தைக் கேட்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது, 'என்ன தெரியுமா?' என்று நாம் தொடங்குவதைப்போல, செய்தி ஒன்றைச் சொல்லப்போகிறார்.

வாழ்த்துக்கு வந்தால் அழுத்தம் நீங்கிய 'கெ' முன்னே நிற்கும். உண்பவரைப் பார்த்து 'கெ அப்ரோவெச்சே', உறங்கப் போகிறவரிடம் 'கெ தெஸ்கான்செஸ்', விடைபெறுபவரிடம் 'கெ தே வாயா பியென்'. நன்றாக அமையட்டும், ஓய்வெடு, எல்லாம் நலமாக நடக்கட்டும் என்று வியங்கோள் செய்யும் வேலையை இங்கே இந்தச் சிறு சொல் தொடங்கிவைக்கிறது.

ஏவும் வினா

வினாக்களைக் கேட்பவரின் நோக்கம் பார்த்து வகுக்கும் மரபு தமிழில் உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூல் அறிவினா, அறியா வினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறு வகை கூறுகிறது. வடிவத்தில் வினாவாகவும் பொருளில் கட்டளையாகவும் இருப்பது ஏவல் வினா. அண்மைக்கால ஸ்பானியத்தில் அதற்கு மிகப் புகழ்பெற்ற சான்று 2007 நவம்பர் 10 அன்று சிலியின் சந்தியாகோ நகரில் பிறந்தது. இபேரோ-அமெரிக்க உச்சிமாநாட்டில் ஸ்பெயின் பிரதமர் சபாதேரோ பேசிக்கொண்டிருந்தபோது வெனிசுவேலா அதிபர் ஹூகோ சாவேஸ் மீண்டும் மீண்டும் குறுக்கிட்டார். மன்னர் ஹுவான் கார்லோஸ் அவரை நோக்கி 'போர் கே நோ தே காயாஸ்?' என்றார், 'நீ ஏன் வாயை மூடக்கூடாது?' என்பது பொருள். மன்னர் காரணம் எதையும் கேட்கவில்லை. 'நீங்கள்' என்ற மரியாதை வடிவத்தை விட்டு 'நீ' என்ற வடிவத்தில் அவர் பேசியதும் விவாதமாயிற்று. அந்தச் சொற்றொடர் கைபேசி ஒலியாகவும் சட்டை வாசகமாகவும் உலகம் சுற்றியது.

கடைக்காரர் கேட்கும் 'கே லே போங்கோ?' கொடை வினாவுக்கு அருகில் வருவது. 'உங்களுக்கு என்ன போடட்டும்?' என்பது பொருள். ஆனால் 'கே ஓந்தா'வும் 'கே மாஸ்'உம் ஆறில் எதிலும் அடங்காதவை. அவற்றை வினா வடிவம் கொண்ட வாழ்த்து என்று கொள்வதே பொருந்தும்.

பெயர்ச்சொல்லாகும் வினா

கேள்வித் தொடர்கள் சில காலப்போக்கில் பெயர்ச்சொல்லாகவே இறுகிவிட்டன. 'எல் கே திரான்' என்றால் 'என்ன சொல்வார்களோ என்பது'. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சத்துக்கு ஸ்பானியத்தில் இதுவே பெயர். கார்சியா லோர்கா 1936-இல், தான் கொல்லப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் எழுதி முடித்த 'பெர்னார்தா ஆல்பாவின் வீடு' என்ற நாடகம் முழுவதும் இந்த அச்சத்தில்தான் நிற்கிறது. ஊர்ப்பேச்சுக்குப் பயந்து மகள்களை வீட்டுக்குள் அடைத்துவைக்கும் தாயின் கதை அது. ஸ்பெயினில் முடியாமல், 1945-இல் புவெனோஸ் ஐரெஸ் நகரில்தான் முதலில் அரங்கேறியது.

மற்றொன்று 'உன் நோ சே கே'. 'என்னவென்று தெரியாத ஒன்று'. சொல்லில் பிடிபடாத அழகுக்கும் அருளுக்கும் இது பெயர். சிறைப்பட்ட காலத்தில் தம் ஆன்மிகக் கவிதையைத் தொடங்கிய ஹுவான் தெ லா க்ரூஸ், இத்தொடரோடு அதே ஒலியை அடுத்தடுத்து அடுக்கி, இறையனுபவத்தின் முன் நாக்குக் குழறுவதை வரியின் ஓசையிலேயே கொண்டுவந்தார். 18-ஆம் நூற்றாண்டில் பெனித்தோ ஃபெய்ஹோ இதையே தலைப்பாக வைத்து அழகியல் கட்டுரை ஒன்று எழுதினார்.

தமிழ்த் திரைக்கு வந்த மெட்டு

தமிழ் ரசிகர்கள் இச்சொல்லைத் தங்களை அறியாமலேயே ஒரு மெட்டின் வழியாக நெருங்கியிருக்கிறார்கள். ஹிட்ச்காக்கின் 1956-ஆம் ஆண்டுப் படத்துக்காக ஜே லிவிங்ஸ்டனும் ரே எவன்ஸும் எழுதி, டோரிஸ் டே பாடிய 'கே செரா, செரா' ஆஸ்கார் விருது பெற்றது. அதன் மெட்டில் 1957-இல் வெளிவந்த 'ஆரவல்லி' படத்தில் ஜிக்கியும் ஏ. எம். ராஜாவும் பாடிய பாடல் இன்றும் ஒலிக்கிறது. ஆனால் அந்த ஆங்கிலப் பாடலின் தலைப்பு இயல்பான ஸ்பானியம் அல்ல. 'நடப்பது நடக்கும்' என்று ஸ்பானியர் சொல்ல விரும்பினால் 'லோ கெ' என்று தொடங்குவார்கள். அழுத்தமுள்ள 'கே'யோடு நின்றால் 'என்னவாக இருக்கும்?' என்ற கேள்வியாகிவிடும். 'நடப்பது' என்பதற்கும் 'நடப்பது என்ன' என்பதற்கும் உள்ள தூரம் அது.

தமிழில் செய்ய வேண்டியது

மேலே கண்டவற்றிலிருந்து ஒரு முடிவு தெளிவாகிறது. 'கே'யைத் தனிச்சொல்லாகக் கற்பதால் பெரிய பயன் இல்லை. எந்தத் தொடரில், எந்த ஊரில், யாரிடம் என்ற மூன்றையும் சேர்த்தே கற்க வேண்டும். ஏன், எதற்கு என்ற பாகுபாடும், வியப்பில் வரும் 'என்ன'வும், பெரியவரிடம் 'சொல்லுங்க' என்னும் பணிவும், 'நாலு பேர்' என்ற அச்சமும் நம் மொழியில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆங்கிலத்துக்குள் புகுந்து வெளிவரும்போது இந்தப் பொருத்தங்கள் கண்ணில் படாமல் போய்விடுகின்றன.

ஸ்பானியம் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்களும் அகராதி தொகுப்போரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். தமிழிலிருந்து நேராக ஸ்பானியத்துக்குச் செல்லும் சொற்றொடர் அகராதி நமக்குத் தேவை. அதில் ஒவ்வொரு தொடருக்கும் நாடு குறிக்கப்பட வேண்டும்; நண்பரிடம் சொல்வதா, பெரியவரிடம் சொல்வதா என்பதும் குறிக்கப்பட வேண்டும். அந்தப் பணியைத் தொடங்க விரும்புவோர் 'கே' என்ற இந்த ஓரசைச் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.